ஆறு முடிச்சுத் தண்ணீரும் ஒரு விராலும்

முருகேசன் பொய் சொல்ல மாட்டான். உள்ளதைக் கொஞ்சம் வளர்த்துச் சொல்வான், அவ்வளவுதான். சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் பதினோரு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். நான் அங்கேயே பிறந்தவன், அவன் போடிநாயக்கனூர்க்காரன். மனைவியின் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்காக நான் மதுரைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், தன் தங்கை ராஜாத்தியிடம் சேர்க்கச் சொல்லி ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். மூட்டுவலித் தைலம், சாக்லேட், ஒரு டார்ச் லைட்.

"போடிக்கு மேல மலையில ஏலத்தோட்டம்ணே. தோட்டத்துல ஒரு குளம் இருக்கு. அதுல ஒரு விரால் கெடக்கு, என் தொடைத் தண்டி" என்று தன் தொடையைத் தட்டிக் காட்டினான்.

பொட்டலத்தை மதுரையிலிருந்து கூரியரில் அனுப்பியிருக்கலாம். அவன் தொடையைத் தட்டியிருக்கக் கூடாது.

எனக்கு முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். எங்கள் ஊர் நீர்த்தேக்கங்களில் எங்கே நின்று தூண்டில் போடலாம் என்று பலகை வைத்திருப்பார்கள். புழு, மாவு, இறால் எதுவும் கூடாது. செயற்கை இரை மட்டும்தான். அதனால் என்னைப் போன்றவர்கள் பொய்மீனை வைத்துப் பிழைக்கிறோம். விரல் நீளத்துக்கு பிளாஸ்டிக் மீன், வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முனை முள். வீசி எறிந்து ரீலைச் சுற்றினால் அடிபட்ட குஞ்சு மாதிரி நெளிந்து நெளிந்து வரும். விரால் சாதிக்கு அதைக் கண்டாலே ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அந்த ஆத்திரத்தை நம்பித்தான் என் பெட்டியில் பதினான்கு பொய்மீன்கள் இருந்தன. காதுகுத்து முடிந்த மறுநாள், "மீனைப் பார்த்துட்டு வாங்க, நான் மனுசங்களோட இருக்கேன்" என்று மனைவி மதுரையில் தங்கிக்கொண்டாள்.

போடியில் ரயிலை விட்டு இறங்கியதும் மூக்கு முதலில் விழித்துக்கொண்டது. கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக ஏலக்காய் ஏறி இறங்குகிறது. டீயில் ஏலக்காய் போட்டீர்களா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "போடலண்ணே. காத்துல விழுந்திருக்கும்" என்றார். அதையும் நம்பிக் குடித்தேன்.

மதியம் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, கை அரிப்புத் தாங்காமல் ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க்கு ஆட்டோ பிடித்துப் போனேன். கரையில் ஒருவர் ஒரு மூங்கில் கம்போடு குத்தவைத்திருந்தார். நான் கார்பன் கம்பை நாலு துண்டாகப் பொருத்தி, ரீல் மாட்டி, கண்ணாடி போட்டு, தொப்பி வைத்து முடிப்பதற்குள் அவர் இரண்டு கெளுத்தியைத் தூக்கிவிட்டார். என் பொய்மீன் முதல் வீச்சில் பாசியையும், இரண்டாவது வீச்சில் ஒரு ரப்பர் செருப்பையும் பிடித்தது. இடதுகால் செருப்பு.

"அண்ணே, அது என்னா, பிளாஸ்டிக்கா?" என்றார்.

"ஆமா."

"மீனு ஏமாறுமா?"

"எங்க ஊர்ல ஏமாறும்."

அவர் என் முள்ளில் தொங்கிய செருப்பைப் பார்த்தார். "இங்க உள்ளதுக்கு அம்புட்டு படிப்பு இல்லண்ணே" என்று சொல்லி, கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு மண்புழுவை எடுத்து நீட்டினார். முப்பது வருடப் பழக்கம், புழுவைத் தொட்டதும் யாராவது அபராதம் போட வருவார்களோ என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஒரு சின்னக் கெளுத்தி கிடைத்தது. அதன் துடுப்புமுள் குத்தியதில் கட்டைவிரல் வீங்கிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் மலை. தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் இடம் சொல்லியிருந்தார்கள். அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று நான் டிரைவர் செல்வத்திடம் கேட்டேன். "ஏறுற வரைக்கும்" என்றார். பதினைந்து பெண்கள், அவர்களுடைய சோற்றுத் தூக்குகள், ஒரு பூனைக்குட்டி, நான், என் தூண்டில் குழாய். குழாய் மட்டும் உள்ளே அடங்கவில்லை. பின்பக்கம் அரை ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தது. கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது எதிரே வரும் வண்டிகளை விரட்டியது. பதினேழு வளைவு. எட்டாவது வளைவில் காலையில் தின்ற இட்லி எனக்குள் வேறு ஒரு வளைவு எடுத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அமுக்கி, மெட்டு வரும்வரை எடுக்கவே இல்லை.

கேரள எல்லையில், போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் ஒரு காவலர் குழாயைப் பார்த்துவிட்டார். நீளம், கறுப்பு, தோளில் மாட்ட வார். துப்பாக்கியா என்று மலையாளத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பே பதில் சொன்னது.

"இல்ல சாரே, மீன் பிடிக்கிற கம்பு!"

"சிங்கப்பூருல இருந்து வந்திருக்காரு, நம்ம ராஜாத்தி குளத்துல மீன் பிடிக்க!"

"அங்க மீனு இல்ல போலருக்கு, பாவம்!"

காவலர் குழாயைத் திறந்து, கம்பை எட்டிப் பார்த்து, என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதன் அர்த்தத்தைச் செல்வம் மூன்று வளைவு தாண்டிய பிறகுதான் சொன்னார்: "இவ்வளவு தூரம் வந்ததுக்கு மீனே இவருக்கு ஒரு கும்பிடு போடணும்னு சொன்னாருண்ணே."

ராஜாத்திக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு, காலில் கணுக்காலுக்கு மேல் ஏறும் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ஒரு சின்னக் கத்தி. இரண்டு ஏக்கர் தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். வீட்டுக்காரர் மலைக்குக் கீழே தேவாரம் என்கிற ஊரில் வாழைத்தோட்டத்துக்குக் காவல் இருக்கிறார், அங்கே யானை இறங்கியிருக்கிறதாம். பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அண்ணன் விரால் கதை சொல்லிட்டானா?" என்றாள். சொல்லிவிட்டான் என்றேன். "தொடையத் தட்டினானா?" என்றாள்.

குளத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. நான் மனதில் கட்டியிருந்தது தாமரையும் படித்துறையும். இது சரிவில் வெட்டிய ஒரு பெரிய பள்ளம், சிறிய வீடு ஒன்று உள்ளே மூழ்கும். அடியிலும் பக்கத்திலும் முழுக்க நீலப் படுதா விரித்து, அதன் ஓரத்தை மண்ணைப் போட்டுப் புதைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் நிரப்பிவைத்துக் கோடையில் செடிக்கு ஊற்றுவதற்காக இந்த மலையில் ஆளுக்கு ஒன்று இப்படி வைத்திருக்கிறார்கள். படுதாக் குளம் என்கிறார்கள். தண்ணீர் சும்மா கிடக்க வேண்டாமே என்று மீனும் விட்டுவைக்கிறார்கள்.

ஒரு மரக்கட்டையில் கட்டிய கயிறு கரையிலிருந்து குளத்துக்குள் இறங்கிக் கிடந்தது. படுதா வழுக்கும், யாராவது விழுந்தால் பிடித்து ஏறத்தான் கயிறு. ஆனால் அதில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டிருந்தாள். மேலே நெருக்கமாக, கீழே போகப் போகத் தள்ளித் தள்ளி.

"குளம் அடியில குறுகலா இருக்குல்ல, அதான். ஒரு முடிச்சு எறங்கினா தோட்டம் முழுக்க ஒரு தண்ணி ஊத்தியாச்சுன்னு அர்த்தம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தண்ணி. இப்ப ஆறு முடிச்சு முங்கியிருக்கு. சித்திரைக் கடைசியில மழை பிடிச்சிரும், அதுவரைக்கும் இதுதான். ஒரு தண்ணி குறைஞ்சாலும் செடி காஞ்சிரும்ணே. வேற ஓடையும் இல்ல, ஊத்தும் இல்ல."

பிறகு என் குழாயைப் பார்த்தாள். நான் பெருமையாகப் பெட்டியைத் திறந்து பொய்மீன்களைக் காட்டினேன். மும்முனை முள்ளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியை அவளே மூடினாள்.

"இது வேணாம்ணே. இங்க எங்க கம்புதான். கீழ படுதா."

நான் தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

மதியச் சாப்பாடு கருவாட்டுக் குழம்பு. குளத்தில் இவ்வளவு மீன் நீந்தும்போது கருவாடு எதற்கு என்று கேட்டேன். "அதுக கெடக்கட்டும்ணே, கண்ணுக்கு நல்லாருக்கு" என்றாள்.

அடுத்த நாள் அவளுடைய கம்பைக் கொடுத்தாள். ஒல்லியான ஈற்றை மூங்கில் கம்பு, தங்கூசி நூல், செருப்பிலிருந்து வெட்டிய தக்கை. தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே சரியாக இரண்டு முழம், அதற்குமேல் கூடாது. முள் எந்தக் காலத்திலும் படுதாவைத் தொடாது. ஈயக்குண்டு கிடையாது. முள் நுனியில் எதிராக நீட்டும் சின்னக் கொக்கியைக் கல்லில் தேய்த்து மழுக்கியிருந்தாள். இந்த மலையில் படுதாக் குளத்தில் தூண்டில் போடுகிற எல்லோரும் இப்படித்தானாம். இரை மைதா உருண்டை, அதில் கொஞ்சம் தவிடு.

ராஜாத்தி கரையில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் ஒன்பது ஜிலேபி கெண்டையைத் தூக்கினாள். பிடித்தது, கழற்றியது, வாளியில் போட்டது எல்லாம் ஒரே கையால். மறுகையில் செல்போனில் தேவாரத்து யானையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூன்று. அதில் ஒன்று தானாகவே வந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் விராலைப் பார்த்தேன். மேட்டுப்பக்கக் கரையோரமாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கடியில் ஒரு கறுப்பு நிழல் மெதுவாக எழுந்து, சப்பென்று ஒரு சத்தம். கூட்டத்தில் பாதி இல்லை. தொடை அளவு இல்லைதான். முழங்கை அளவு தாராளமாக இருந்தது.

"அந்தப் பயதான். எங்கருந்து வந்தான்னே தெரியல. விட்ட குஞ்சு பூராத்தையும் தின்னுட்டான்" என்றாள் ராஜாத்தி. "மைதாவ மோந்துகூடப் பாக்க மாட்டான்."

"என் பொய்மீனை ஒரே ஒரு தரம்..."

"வேணாம்ணே."

அன்று மதியத்துக்கு மேல் நான் மைதா உருண்டையை நாலு தரம் அவன் மூக்குக்கு நேராக விட்டுப் பார்த்தேன். நாலு தரமும் அவன் என்னை மதிக்கவில்லை. எனக்கு இதெல்லாம் பொறுக்காது. வேலையில் ஒரு மின்தூக்கி என்னை ஏமாற்றினால்கூட வீட்டுக்கு வந்து சோறு இறங்காத ஆள் நான்.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு ராஜாத்தி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கிளம்பினாள். "வர்றதுக்கு மதியமாயிரும். அடுப்புல கப்பைக்கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன், காந்தாரி மிளகாச் சட்னி இருக்கு, சாப்பிடுங்க" என்றாள். அவள் தலை செடிகளுக்குள் மறையும்வரை நான் நல்ல பிள்ளையாக நின்றேன். பிறகு குழாயைத் திறந்தேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்களை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பொய்மீன் மிதக்கும் ரகம், அடிக்குப் போகாது. விராலைப் பிடித்துக் கொடுத்தால் அவளுக்கும் நல்லதுதானே. முப்பது வருட அனுபவம் உள்ளவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் எதற்கு. கடைசி நியாயம்தான் உண்மையானது. மற்றவை அதற்குப் போர்வை.

முதல் வீச்சு, ஒன்றுமில்லை. இரண்டாவது வீச்சில் பின்னால் ஒரு நிழல் வந்து திரும்பிப் போனது. மூன்றாவதை மேட்டுப்பக்கக் கரையை ஒட்டி வீசி, கம்பைத் தாழ்த்தி வேகமாகச் சுற்றினேன். வேகமாகச் சுற்றினால் மிதக்கும் மீனும் கீழே இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

டக்கென்று நின்றது. கம்பு வில்லாக வளைந்தது. "மாட்டினான்டா!" என்று தனியாகக் கத்தினேன். இழுத்தேன், வரவில்லை. விரால் அடியில் போய் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கிறான் என்று நினைத்து, கம்பை இடுப்பில் முட்டுக்கொடுத்து, காலை ஊன்றி, ஏற்றி இறக்கி, வீரசாகசம் எல்லாம் செய்தேன். பக்கத்தில் யாராவது படம் எடுக்க இல்லையே என்றுகூடத் தோன்றியது. அந்தச் சமயத்தில் விரால் எனக்கு எதிர்ப்பக்கக் கரையில் மேலே வந்து, சாவகாசமாக ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுக் கீழே போனான்.

அவன் அங்கே என்றால் என் முள்ளில் இருப்பது எது?

புரிந்ததும் நூலைத் தளர்த்தியிருக்க வேண்டும். பதறிப்போய் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சின்ன அதிர்வு கம்பு வழியாகக் கைக்கு வந்தது. துணி கிழிந்தால் கைக்கு எப்படித் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். நூலை அறுத்துவிட்டேன். பொய்மீன் கீழேயே, இடுப்பளவு ஆழத்தில் படுதாவில் குத்திக்கொண்டு நின்றது. அதன் வயிற்றுக்கு அருகிலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன.

அப்புறம் நான் செய்ததுதான் கேவலம். வீட்டுக்குப் போய்க் கப்பைக்கிழங்கு சாப்பிட்டேன். கிழிசல் சின்னதாகத்தான் இருக்கும், மண் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். காந்தாரி மிளகாயில் கண்ணீர் வந்தது. அது மிளகாயால்தான் என்று வைத்துக்கொண்டேன். பத்து மணிக்குப் போய்க் கயிற்றைப் பார்த்தேன். முதல் முடிச்சு லேசாக வெளியே தெரிந்தது. பதினொன்றுக்கு முழுசாக வெளியே வந்துவிட்டது. அடுப்பங்கரைக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு தடம் விழும் அளவுக்கு நடந்தேன். ஸ்டோருக்கு ஓடிப்போய்ச் சொல்ல மட்டும் கால் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கீழ்த் தோட்டத்திலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. தோமாச்சன் என்கிற மலையாளி, ராஜாத்தியின் பக்கத்துத் தோட்டக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் மூச்சிரைக்க ஏறி வந்தார். அதே நேரத்தில் ராஜாத்தியும் ஸ்டோரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவர் மலையாளத்தில் பொழிந்ததை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

"ராஜாத்தி, என் தோட்டத்தில் ஊற்று வந்திருக்கிறது! ஏலச்செடிக்கு நடுவில், பாறை இடுக்கில், தெளிந்த தண்ணீர்! இருபது வருடம் மூன்று கிணறு வெட்டியும் வராத ஊற்று! பெண்டாட்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். சர்ச் அச்சனைக் கூப்பிட ஆள் அனுப்பியிருக்கிறேன்!"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் அதைக் கெடுக்க மனம் வராது. ராஜாத்தி அவரைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் கார்பன் கம்பு இன்னும் இருந்தது. ஏன் அதைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அது ஊத்து இல்ல தோமாச்சன்" என்றேன். "நான்தான்."

தோமாச்சனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர் மெதுவாக மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். "அச்சனை வர வேண்டாம்னு சொல்லணும்" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார்.

ராஜாத்தி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் கரையில் குத்தவைத்து முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு தண்ணி போச்சு" என்றாள். பிறகு எழுந்து, "பேச நேரமில்ல, மிச்சம் அஞ்சக் காப்பாத்தணும். எந்த எடம், காட்டுங்க" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அவ்வளவு கூசிப்போய் நான் நின்றதில்லை.

வழக்கமாகக் கிழிசலை இவர்கள் கோடையில் குளம் வற்றிய பிறகுதான் ஒட்டுவார்கள். ஈரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. இப்போது வற்றவிட்டால் தோட்டமே போய்விடும். இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. எண்ணெய் கசிகிற இடத்தை நாங்கள் பசையால் அடைப்பதில்லை, இரண்டு பக்கமும் ரப்பர் வைத்து நடுவில் போல்ட் போட்டு முறுக்குவோம். ராஜாத்தி போன் போட்டதும் செல்வம் ஜீப்பைக் கொண்டுவந்தார், பழைய டயர் டியூபும் நட்டு போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்தார். டியூபில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வட்டம் வெட்டினேன்.

"யாரு எறங்குறது?" என்றார் செல்வம். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தைக் குளிரில் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. போட்ட சத்தம்தான் இருக்கிறது. அதைக் கேட்டுக் கீழே தோமாச்சன் வீட்டு நாய் குரைத்தது. இடுப்பில் வடம், அதன் நுனியைச் செல்வமும் தோமாச்சனும் பிடித்திருந்தார்கள். வழுக்கும் படுதாவில் குதிகாலால் அடியெடுத்து வைத்து, பொய்மீனைக் கண்டுபிடித்துக் கழற்றினேன். கிழிசல் என் சுண்டுவிரல் நீளம். தலையை முக்கி, போல்ட் கோத்த ஒரு ரப்பரைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, அந்தப் பக்கம் விரியவைத்து, போல்ட்டில் இந்தப் பக்க ரப்பரைக் கோத்து, வாஷர் போட்டு, நட்டைத் தேட வேண்டும். இரண்டு தரம் நட்டு நழுவிக் கீழே போனது. ஜிலேபிக் கெண்டைகள் தொடையையும் மார்பையும் கொத்தின. நான் கத்தத் தலையைத் தூக்கும்போதெல்லாம் தோமாச்சன் கலவரத்தோடு வடத்தை இழுக்க, நான் கிழிசலை விட்டு மேலே வந்து விழுந்தேன்.

"இழுக்காதீங்க!"

"நீங்க கரையறது கேட்டு இழுத்தேன் சாரே!"

"அழலைங்க, மீன் கடிக்குது!"

ராஜாத்தி அப்போதுதான் சிரித்தாள். சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. மூன்றாவது நட்டு ஏறியது. குமிழி நின்றது. அவள் சாணியைக் கரைத்து அந்த இடத்துக்கு மேலே ஊற்றினாள். சாணித் தண்ணீர் எந்தப் பக்கமும் இழுபடாமல் மெதுவாகக் கலைந்தது. கசிவு இல்லை.

சுக்குக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள், படுதாவில் ஏற்கெனவே இரண்டு ஒட்டு இருக்கிறதாம். ஒன்று யானை ஒட்டு. தண்ணீர் குடிக்க வந்த யானை காலை வைத்தது. இன்னொன்று தோமாச்சன் ஒட்டு. போன வருடம் அவர் மகன் கல்யாணத்துக்கு மீன் அரிக்கும்போது வலையில் இருந்த கம்பி குத்தியது. யார் கிழித்தார்களோ அவர்கள் பெயர்தான் ஒட்டுக்கு.

"இனி இது சிங்கப்பூர் ஒட்டு" என்றார் தோமாச்சன். அவர் குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது. கொஞ்ச நேரமே ஊற்று வைத்திருந்த மனிதர், அதுவாவது கிடைக்கட்டும்.

மறுநாள் கிளம்பும்போது ராஜாத்தியும் தோமாச்சனும் நானும் கயிற்றைப் பார்த்தோம். ஐந்து முடிச்சும் தண்ணீருக்குள் இருந்தன. மேலே இருந்த ஆறாவது காய்ந்து காற்றில் ஆடியது. நான் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். "தண்ணிக்குப் பதிலா வார்த்தைய ஊத்த முடியாதுண்ணே. விடுங்க" என்றாள். பொரித்த கெண்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அன்று இறங்கும்போது பதினேழு வளைவிலும் எனக்குக் குமட்டவில்லை. மடியில் இருந்த பொட்டலத்தையும் பிரிக்கவில்லை.

மாசி, பங்குனி, சித்திரை. மூன்று மாதமும் நான் சிங்கப்பூரில் இருந்துகொண்டு போடிமெட்டு மழையைச் செல்போனில் பார்த்தேன். முருகேசனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவன் இதை வளர்த்துச் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவே இல்லை. வைகாசி பிறந்ததும் செல்போனில் ராஜாத்தியின் குரல்பதிவு வந்தது.

"அண்ணே, நல்லாருக்கீங்களா. அஞ்சு தண்ணியும் ஊத்தி முடிச்சாச்சு. மழை நேத்துத்தான் பிடிச்சுச்சு. அந்த ஆறாவது தண்ணி இல்லாததுனால ரோட்டோர வரிசைய மட்டும் விட்டுட்டோம், மத்தத எப்படியோ இழுத்துப் பிடிச்சாச்சு. முப்பது செடி காஞ்சிருச்சு. உங்க ஒட்டு அசையவே இல்ல. ஆங், அந்த விராலு. தண்ணி வத்தினதும் வாளியில மோந்து எடுத்தேன்ணே. தூண்டிலே வேணாம். முப்பது குழி தோண்டி நடணும். ஆனியில வாங்க. மம்பட்டி இங்கயே இருக்கு."

நான் போனேன். கம்பை எடுத்துக்கொள்ளவில்லை. சாவடியில் அதே காவலர், குழாய் எங்கே என்று கையாலேயே கேட்டார். மழை விடாமல் பெய்தது. கையில் மம்பட்டி, காலில் ராஜாத்தி வீட்டுக்காரரின் பூட்ஸ், உடம்பெல்லாம் அட்டை. இரண்டு நாளில் முப்பது குழியும் தோண்டினேன். ஒவ்வொன்றிலும் அவள் கையை விட்டு ஆழம் பார்த்தாள். பத்தொன்பதாவதை மறுபடி தோண்டச் சொன்னாள். தோமாச்சன் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்று, தன் பக்கமும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமே என்று கேட்டார். ஊற்று ஆசை அவருக்கு இன்னும் போகவில்லை.

கடைசிச் செடியை நட்டு மண்ணை மிதித்து முடித்தபோது என்னால் நிமிர முடியவில்லை. உள்ளங்கையில் நாலு கொப்புளம். "இப்பவாவது மன்னிச்சிட்டியா தங்கச்சி?" என்று கேட்டேன்.

ராஜாத்தி வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். "இது காய்க்க மூணு வருசம் ஆகும்ணே" என்றாள். "வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போங்க. காய்க்கட்டும், அப்பறம் சொல்றேன்."

எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.